சோற்றை நிறுத்தினேன், இப்போது எடை நின்றுவிட்டது: இனி என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 46, உயரம் 156 செ.மீ. அலுவலகத்தில் கணக்கு வேலை, நாள் முழுவதும் நாற்காலிதான். சென்ற தை மாதம் என் எடை 74 கிலோ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறீர்கள் என்றார் மருத்துவர். நாத்தனார் மகள் சொன்னதைக் கேட்டு அரிசி, கோதுமை, பருப்பு, பழம் அனைத்தையும் நிறுத்திவிட்டுப் பேலியோ தொடங்கினேன். காலையில் 100 பாதாமும் 30 கிராம் வெண்ணெய் போட்ட ஒரு தேநீரும், மதியம் நான்கு முட்டையுடன் கீரை, இரவு கோழி அல்லது ஆட்டிறைச்சி. தொடக்கத்தில் 50, 60 பாதாமுக்கு மேல் இறங்கவில்லை, இப்போது பழகிவிட்டது. முதல் 10 நாளில் மூன்றரைக் கிலோ குறைந்தது, நான்கு மாதத்தில் 66 கிலோவுக்கு வந்தேன். பிறகு இரண்டு மாதமாக முள் அசையவில்லை. ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போய் மூன்று நாள் இட்லியும் கலந்த சாதமும் சாப்பிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் 68. அன்று முழுவதும் அழுதேன். முடி கொட்டுகிறது, மலச்சிக்கல் இருக்கிறது, இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. இரத்தப் பரிசோதனையில் சராசரிச் சர்க்கரை 5.7 ஆகவும், டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 210இலிருந்து 124 ஆகவும் குறைந்திருக்கின்றன, ஆனால் கெட்ட கொழுப்பு என்கிறார்களே, அந்த எல்.டி.எல். 118இலிருந்து 171 ஆகிவிட்டது. என் கணவருக்கு வயது 53, ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின் எடுத்துக்கொள்கிறார். வரும் திங்கள் முதல் தானும் தொடங்குவதாகச் சொல்கிறார். நான் தொடர்வதா, நிறுத்துவதா? அவர் தொடங்கலாமா? அரிசிக்குப் பதில் தினை, வரகு சாப்பிட்டால் போதுமா? வீட்டில் இன்னும் இரண்டு கிலோ பாதாம் இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கேள்விகளில் இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு அவகாசம் இருக்கிறது. உங்கள் கணவர் பற்றியதற்குத் திங்கட்கிழமை வரைதான் இருந்தது. அதனால் இந்தப் பகுதியை மட்டும் உங்களுக்கு முன்கூட்டியே தனி மடலில் அனுப்பினேன். அதே மாத்திரைகளை உட்கொண்டுகொண்டு அதே எண்ணத்தில் இருக்கும் மற்ற வாசகர்களுக்காக இங்கே மீண்டும் எழுதுகிறேன்.

அவர் தம்முடைய சர்க்கரை மருத்துவரைப் பார்த்து மாத்திரைகளை மாற்றி அமைத்துக்கொள்ளாமல் இந்த உணவுமுறையைத் தொடங்கக் கூடாது. அவர் உட்கொள்ளும் மூன்றில் மெட்ஃபார்மினால் இந்த விஷயத்தில் பெரிய தொல்லை இல்லை. கிளிமிபிரைடு அப்படியல்ல, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பாராமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை அது. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நான்கு இட்லிக்குப் பதிலாக ஒரு கைப்பிடி பாதாமைத் தின்றால், சுரந்த இன்சுலின் இரத்தத்தில் இருக்கிற சர்க்கரையையே கீழே இழுக்கும். பதினொரு மணிக்குக் கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டுதல் என்று தொடங்கி, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது அது நேர்ந்தால் விபத்தில் முடியவும் கூடும்.

டாபாகிளிஃப்ளோசின் பற்றிய எச்சரிக்கை இதைவிட முக்கியமானது. ஏனென்றால் பலருக்கு அது தெரியாது. இந்த வகை மாத்திரைகள் இரத்தத்தில் மிகுந்துள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. கூடவே உடலைக் கொழுப்பை எரிக்கும் பக்கம் சற்றுத் தள்ளுகின்றன. கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் அளவோடு இருந்தால் கெடுதல் இல்லை. மாத்திரையும் தள்ள, மாவுச்சத்தே இல்லாத உணவும் தள்ள, கீட்டோன்கள் மிதமிஞ்சிச் சேர்ந்து இரத்தம் அமிலத்தன்மை அடைவது உயிருக்கே ஆபத்தான நிலை. வழக்கமாக இந்த நிலையில் சர்க்கரை 300, 400 என்று எகிறியிருக்கும். இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கோ சர்க்கரை 200க்குக் கீழே இருக்கும்போதே இது வரலாம் என்பதுதான் இதன் வஞ்சகம். வீட்டுக் கருவியில் குத்திப் பார்த்து 160 என்று கண்டு நிம்மதி அடைந்துவிடுவார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015ஆம் ஆண்டிலேயே இது குறித்து எச்சரித்திருக்கிறது. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகமாக வாங்குதல், காரணமில்லாத அசதி ஆகியவை அறிகுறிகள். இந்த மாத்திரையை எடுக்கும் ஒருவருக்கு இவை வந்தால், சர்க்கரை எண் எவ்வளவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; போனதும் மாத்திரையின் பெயரை அவர்களாகக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் மாவுச்சத்தைக் குறைக்கவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். குறைத்தால் அவர்களுக்குத்தான் நன்மை அதிகம். மாத்திரையின் அளவையே குறைக்கும்படியான நிலைக்குப் பலர் வந்திருக்கிறார்கள். ஆனால் உணவும் மாத்திரையும் சேர்ந்து இறங்க வேண்டும். உணவு மட்டும் தனியே இறங்கக் கூடாது. உங்கள் கணவருக்குச் சிறுநீரகப் பரிசோதனை செய்து ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் இந்தச் சந்தர்ப்பத்தில் செய்துவிடுங்கள். இரத்த அழுத்த மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார் என்றால் அதையும் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். மாவுச்சத்து குறைந்ததும் அழுத்தமும் இறங்குவது உண்டு.

இனி உங்களுடைய எடை. அழுதேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு கிலோவை முதலில் பார்த்துவிடலாம்.

நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதி கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கப்படுகிறது. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம், தசைகள் எல்லாவற்றிலும் சேர்த்து 400 கிராம் அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அரிசியையும் கோதுமையையும் நிறுத்தியதும் உடல் முதலில் இந்தச் சேமிப்பைத்தான் செலவழிக்கிறது. சேமிப்பு கரைய, அது பிடித்து வைத்திருந்த நீரும் வெளியேறுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகமும் உப்பை வழக்கத்தைவிட அதிகமாக வெளியே விடுகிறது, உப்போடு நீரும் போகிறது. உங்கள் முதல் 10 நாளின் மூன்றரைக் கிலோவில் பாதிக்குமேல் இந்த நீர்தான். ஊரில் மூன்று நாள் இட்லியும் புளியோதரையும் சாப்பிட்டபோது காலியான கிடங்கு நிரம்பியது, நீரும் திரும்பி வந்து உட்கார்ந்தது.

அது கொழுப்பாக இருக்க முடியாது என்பதற்குக் கணக்கே போதும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது; இரண்டு கிலோவுக்கு 15,400. வீட்டு இட்லி ஒன்றுக்கு 60 கலோரி என்று வைத்துக்கொண்டால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 250 இட்லிக்கும் அதிகமாக மூன்று நாளில் நீங்கள் சாப்பிட்டிருக்க வேண்டும். ஆடிப்பெருக்குக்கு உறவினர்கள் எவ்வளவுதான் வற்புறுத்திப் பரிமாறியிருந்தாலும் அது நடந்திருக்காது. உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: தினமும் எடை பார்ப்பதை நிறுத்திவிட்டு, வாரத்தில் ஒரே நாள், காலைக்கடன் முடித்த பின், வெறும் வயிற்றில் பாருங்கள், மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவையும் நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது எல்லை. சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவருக்கு எடைக் கருவியைவிட இந்த நாடா அதிகம் சொல்லும்.

எடை ஏன் நின்றது என்பதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே ஒரு வரியில் இருக்கிறது. தொடக்கத்தில் 50, 60 பாதாமுக்கு மேல் இறங்கவில்லை, இப்போது பழகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். 100 பாதாம் ஏறத்தாழ 120 கிராம் எடை இருக்கும். அதில் சற்றேறக்குறைய 700 கலோரி. 55 பாதாம் என்றால் 380. வெண்ணெய்த் தேநீர் ஒன்றுக்கு 215, நான்கு முட்டைக்கு 300, இரவு இறைச்சிக்கு 350, சமையல் நெய்க்கும் கீரைக்கும் 100 என்று கூட்டினால், தை மாதத்தில் உங்கள் நாளொன்றின் உணவு 1,350 கலோரியை ஒட்டி இருந்தது. அப்போது 74 கிலோ எடையில், உட்கார்ந்த வேலையில், உங்கள் உடலுக்கு ஏறத்தாழ 1,800 தேவைப்பட்டது. அந்த இடைவெளிதான் கிலோக்களாகக் குறைந்தது. இன்று பாதாம் முழு நூறும் உள்ளே போகிறது. கூட்டுத்தொகை 1,650 ஆகிவிட்டது. அதே வேளையில் எடை குறைந்த உங்கள் உடலின் தேவையும் 1,700க்கு அருகே இறங்கிவிட்டது. வரவும் செலவும் சமம். முள் எப்படி அசையும்?

கணக்கு வேலை பார்க்கும் உங்களுக்கு இது எளிதில் விளங்கும் என்றாலும், இதில் உங்கள் குற்றம் ஏதுமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எடை குறையக் குறையப் பசி கூடுவது உடலின் இயல்பு. ஒவ்வொரு கிலோ குறைவுக்கும் உடல் நாளொன்றுக்குச் செலவிடுவது 20, 30 கலோரி குறைகிறது. பசியோ அதைப் போலச் சில மடங்கு, கிலோவுக்கு 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது என்று ஆய்வுகள் கணித்திருக்கின்றன. எட்டுக் கிலோ குறைந்தவரின் பசி பழைய பசியாக இருக்காது. அறுபதில் நின்ற கை நூறுவரை போனதற்கு நாக்குச் சபலம் காரணமில்லை.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிட வேண்டும். மாவுச்சத்தைத் தொடாதவரை இன்சுலின் சுரக்காது, இன்சுலின் சுரக்காதவரை எவ்வளவு கொழுப்பு சாப்பிட்டாலும் உடலில் சேராது என்று பலர் நம்புகிறார்கள். உங்களுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். அது சரியன்று. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு, 20 பேரை ஆய்வு விடுதியிலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த உணவையும் இரண்டு வாரம் கொழுப்பு மிகக் குறைந்த தாவர உணவையும் கொடுத்து, வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டுப் பார்த்தது. 2021இல் முடிவை வெளியிட்டது. கொழுப்பு குறைந்த உணவில் இருந்தபோது இன்சுலின் அதிகமாகச் சுரந்தும், அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 690 கலோரி குறைவாகவே சாப்பிட்டார்கள். அதனால் அந்த உணவே சிறந்தது என்றும் முடிவு கட்டிவிட முடியாது. இரண்டு வாரம் என்பது மிகக் குறுகிய காலம். இன்சுலின் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற கதை நிற்காது என்பது மட்டும் தெளிவு.

ஓராண்டு, ஈராண்டு நடந்த ஆய்வுகள் நமக்கு அதிகம் உதவுகின்றன. இஸ்ரேலில் திமோனா என்ற ஊரில் ஒரே இடத்தில் வேலை பார்த்த 322 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கொழுப்பு குறைந்த உணவும், ஒரு குழுவுக்கு மத்தியதரைக்கடல் நாட்டு உணவும், ஒரு குழுவுக்கு மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுத்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டு இறுதியில் முறையே 2.9, 4.4, 4.7 கிலோ குறைந்திருந்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் முன்னே நிற்கிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் குழு எப்படிச் சாப்பிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் மட்டும் நாளொன்றுக்கு 20 கிராம் மாவுச்சத்து, பிறகு படிப்படியாக 120 கிராம்வரை உயர்த்திக்கொள்ள அனுமதி. கொழுப்பையும் புரதத்தையும் கூடியவரை தாவரங்களிலிருந்து பெறும்படி அறிவுரை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை வைத்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஓராண்டு ஆய்வில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ; பெயருக்குத்தான் வேறுபாடு. ஆனால் இரண்டு குழுவிலுமே 30 கிலோ அளவுக்குக் குறைந்தவரும் இருந்தார், 10 கிலோ அளவுக்குக் கூடியவரும் இருந்தார். உணவுமுறையின் பெயரைவிட, அதை யாரால் எத்தனை நாள் விடாமல் உண்ண முடிந்தது என்பதே எடையைத் தீர்மானித்தது என்று நான் இதைப் படிக்கிறேன்.

(மாவுச்சத்தைக் குறைத்து இளைப்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனில் சவ அடக்கப் பணிகளைச் செய்துவந்த வில்லியம் பேண்டிங் என்பவர், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டு ஓராண்டில் 46 பவுண்டு குறைந்து, அதைப் பற்றி 1863இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். அது பரபரப்பாக விற்றது. ஸ்வீடன் மொழியில் இன்றும் எடை குறைக்க உணவைக் கட்டுப்படுத்துவதற்கு அவர் பெயரிலிருந்து வந்த சொல்லே வழங்குகிறது. சாப்பாட்டோடு அன்றாடம் இரண்டு மூன்று கோப்பைத் திராட்சை மது அவருக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது என்பதை மட்டும் இந்நாள் பேண்டிங்குகள் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.)

உங்கள் இரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். சராசரிச் சர்க்கரை 6.1இலிருந்து 5.7 ஆனதும், டிரைகிளிசரைடு 210இலிருந்து 124 ஆனதும் உண்மையான வெற்றிகள். மாவுச்சத்தைக் குறைத்ததன் நேரான பலன்கள். நீங்கள் தோற்றுவிட்டதாக நினைத்தால் அதை நான் ஏற்கவில்லை. உடல் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைத்திருக்கிறீர்கள். அதில் பாதி குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கிவிடும்.

எல்.டி.எல். 171 என்பதை மட்டும் அலட்சியம் செய்ய முடியாது. டிரைகிளிசரைடு குறைந்துவிட்டால் எல்.டி.எல். எவ்வளவு ஏறினாலும் கவலை இல்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாவுச்சத்தை மிகவும் குறைப்பவர்களில் சிலருக்கு எல்.டி.எல். இப்படி ஏறுவது தெரிந்த விஷயம். உங்களைப் பொறுத்தவரை என் முதல் சந்தேகம் அந்தத் தேநீர்மீதுதான். 30 கிராம் வெண்ணெயில் 15 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டாமல் நிறைவுற்ற கொழுப்பை வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. 1,500 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது சுமார் 17 கிராம். காலை ஆறு மணிக்கு ஒரு குவளைத் தேநீரிலேயே நாளின் பங்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. நெய்யும் ஆட்டிறைச்சியும் அதற்கு மேல்தான். வெண்ணெயை நாளைக்கே நிறுத்துங்கள். சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவற்றை அளவாகப் பயன்படுத்துங்கள், ஆட்டிறைச்சியை வாரம் ஒரு நாளாக்கி மற்ற நாள்களில் மீனோ தோல் நீக்கிய கோழியோ வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் கழித்து மீண்டும் பரிசோதித்து, அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் மாத்திரை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

கெண்டைக்கால் பிடிப்பு பெரும்பாலும் மேலே சொன்ன நீர், உப்பு இழப்பால் வருவது. மாவுச்சத்து ஓரளவு திரும்பி வந்ததும் தானே அடங்கும். மலச்சிக்கலுக்கும் காரணம் அருகிலேயே இருக்கிறது: பருப்பு, சுண்டல், பழம் மூன்றும் ஒரே நாளில் நின்றுபோயின, நீரும் குறைந்தது. முடி உதிர்வது வேகமாக எடை குறைந்த இரண்டு மூன்று மாதத்தில் பலருக்கு நேர்வது. எடை நிலைத்ததும் முளைத்துவிடும். ஆனால் உங்கள் வயதில் இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் அதே மாதிரி முடியை உதிர்க்கும் என்பதால், அடுத்த பரிசோதனையில் அவ்விரண்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

தொடர்வதா, நிறுத்துவதா என்ற கேள்விக்கு என் விடை: மாவுச்சத்தைக் குறைப்பதைத் தொடருங்கள், ஒழிப்பதை நிறுத்துங்கள். நாளொன்றுக்கு 130 முதல் 150 கிராம்வரை உங்களுக்குப் போதும். நம் வீடுகளில் மூன்று வேளையும் அரிசியாகச் சாப்பிடும்போது இது 250, 300 கிராமைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். ஆகையால் நான் சொல்வது பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும் வழியன்று. சென்னையில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனத்தார் நாடு தழுவிய ஆய்வில் 18,000க்கும் மேற்பட்டோரின் உணவுப் பழக்கத்தை எடுத்துக் கணக்கிட்டு, இந்தியர்கள் மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் 50 முதல் 55 விழுக்காடு அளவுக்குக் குறைத்து, புரதத்தை 20 விழுக்காட்டை ஒட்டி உயர்த்தினால் சர்க்கரை நோயைத் தள்ளிப்போடலாம் என்று 2022இல் எழுதினார்கள். நான் உங்களுக்குச் சொல்லும் அளவு அதற்கும் சற்றுக் கீழே இருக்கிறது. எடையும் குறைய வேண்டும் என்பதால்.

இதற்குச் சமையலறையில் ஒரு சிறு மின்னணுத் தராசு வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் அம்மையார், தாம் மதியம் ஒரு கைப்பிடிச் சோறுதான் சாப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். எடையோ ஏறிக்கொண்டே இருந்தது. மறுமுறை வரும்போது, தட்டில் போட்டுக்கொள்வதை அப்படியே ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டு வரச் சொன்னேன். மேசைத் தராசில் 320 கிராம் காட்டியது. அவர் பொய் சொல்லவில்லை. குழம்புக்கு ஒரு கைப்பிடி, ரசத்துக்கு ஒரு கைப்பிடி, தயிருக்கு ஒரு கைப்பிடி. ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடிதான். வடித்த சோற்றில் 100 கிராமுக்கு 28 கிராம் மாவுச்சத்து என்றால், அந்த ஒரு வேளையிலேயே 90 கிராம் சேர்ந்துவிட்டது.

உங்களுக்கு மதியம் 130 கிராம் சோறு; ஒரு வாரம் நிறுத்துப் போட்டால் பிறகு கண்ணே அளவு சொல்லிவிடும். குழம்புக்கோ ரசத்துக்கோ ஒன்றுக்கு மட்டும் சோறு. தயிரைக் கிண்ணத்தில் ஊற்றித் தனியே சாப்பிடுங்கள். தட்டில் முதலில் பொரியலையும் கூட்டையும் வைத்து, பிறகு மீன் அல்லது முட்டை வைத்து, மிச்ச இடத்தில் சோற்றை வையுங்கள். காலையில் இரண்டு இட்லி அல்லது ஒரு தோசை, பருப்பு கெட்டியாக விழுந்த சாம்பார், இரண்டு முட்டை. மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், சர்க்கரை இல்லாத தேநீர். இரவு இரண்டு சிறிய சப்பாத்தியுடன் பனீரோ கோழியோ காய்கறியோ. ஒரு கொய்யாவையோ பாதி ஆப்பிளையோ நடுவில் எங்காவது சேர்த்துக்கொள்ளலாம். இதில் 65 முதல் 70 கிராம் புரதம் வந்துவிடும். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைவதால், புரதத்தில் மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதைக் காலையும் மாலையும் 15 முறை செய்யுங்கள். சாப்பிட்டு முடித்ததும் 10 நிமிடம் நடப்பது உங்கள் இருவருக்குமே சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும்.

தினை, வரகு பற்றிக் கேட்டீர்கள். சமைக்காத அரிசியில் 100 கிராமுக்கு 78 கிராம் மாவுச்சத்து என்றால், கேழ்வரகிலும் வரகிலும் சாமையிலும் 65 முதல் 70 கிராம்வரை இருக்கிறது. நார்ச்சத்தும் தாதுச்சத்தும் கூடுதல் என்பதால் அவை நல்லவைதான். ஆனால் வரகரிசிச் சோறு என்பதற்காக இரண்டு தட்டு போட்டுக்கொண்டால் கணக்கு மோசமாகவே முடியும். கேழ்வரகைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பதைவிட அடையாகவோ தோசையாகவோ சாப்பிடுவது மேல். மாவாகி நீரில் கரைந்து வெந்த எதுவும் சர்க்கரையை விரைவில் ஏற்றும்.

இந்த முறையில் எடை முன்போல வேகமாக இறங்காது. முதல் இரண்டு வாரத்தில் நீர் திரும்புவதால் ஒரு கிலோவரை ஏறவும் செய்யலாம். அதைக் கண்டு மீண்டும் நூறு பாதாமுக்கு ஓடாதீர்கள். அதன்பின் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ குறைந்தால் போதும். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில், உங்களைப்போலவே சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். இனிப்பையும் மாவையும் கொழுப்பையும் அளவாக்கி, நாள்தோறும் அரை மணி நேரம் நடக்க வைக்கப்பட்ட குழுவினரின் எடை சொல்லும்படி குறையவே இல்லை. ஆனாலும் சர்க்கரை நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. 2006இல் வெளியான அந்த முடிவை, முள் அசையாத வாரங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரும் மருத்துவர் மாத்திரையை மாற்றி எழுதிய பிறகு இதே சாப்பாட்டைச் சாப்பிடலாம். சோற்றின் அளவை மட்டும் 160 கிராம்வரை வைத்துக்கொள்ளட்டும். முதல் இரண்டு வாரம் காலை வெறும் வயிற்றிலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பும் சர்க்கரையைப் பார்த்துக் குறித்து வைத்து, 70க்குக் கீழே ஒருமுறை இறங்கினாலும் மருத்துவரை அழைக்க வேண்டும். வீட்டில் அனைவருக்கும் ஒரே உலையில் ஒரே சமையல் என்பதால் உங்கள் வேலையும் குறையும்.

மீதமுள்ள இரண்டு கிலோ பாதாமை வீணாக்க வேண்டாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 என்று இரவே ஊற வைத்துக்கொண்டால், உங்கள் இருவருக்கும் ஏறத்தாழ இரண்டு மாதம் வரும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே இருந்தால் நாளடைவில் சிக்கு வாடை அடித்துவிடும்.